பழைய காரின் சத்தம்: மூடுவதற்கு முன் கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு இது. பழைய கார் வைத்திருப்பவர்களும் பழைய காரில் தினமும் ஏறி இறங்குபவர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

"உங்கட கார் இப்ப சத்தமில்லாம வருதே, எவ்வளவு செலவழிச்சீங்க?" என்று சந்தையிலும் பாடசாலை வாசலிலும் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதிவிடலாம் என்று நாங்கள் நால்வரும் முடிவெடுத்தோம்.

நால்வர் என்றால், அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கம் படிப்பிக்கப் போகும் நான்கு ஆசிரியர்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அவரவர் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு ஒரே காரில் போகத் தொடங்கினோம். பெற்றோல் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கார் எங்களில் ஒருவரின் வாப்பா வாங்கியது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்யப்பட்டது. எங்களில் இளையவரைவிட அதற்கு வயது கூட.

"மாத்தலாம்தானே" என்று சொல்பவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்தது உண்மைதான். ஆனால் வரியோடு சேர்ந்து வரும் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது. இருக்கிற காரோடுதான் இன்னும் பல வருடம் ஓட வேண்டும்.

போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். ஜன்னலை மூடினாலும் கத்தித்தான் கதைக்க வேண்டும். முதலாம் பாடவேளைக்கு முன்பே தொண்டை கட்டிவிடும். ஆசிரியருக்குத் தொண்டைதானே ஆயுதம்.

அதைவிட எங்களை உறுத்திய விடயம் இன்னொன்று. எங்களோடு வரும் மூத்த டீச்சர் ஓய்வுபெறுவதற்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது. ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் பயணம் முழுக்க அவர்தான் கதை சொல்வார். பேசவே பேசாத பிள்ளையை எப்படிப் பேச வைப்பது, பின்னத்தை ஒரு தோடம்பழத்தை வைத்து எப்படிப் படிப்பிப்பது என்று ஆசிரியர் கலாசாலையில் கிடைக்காத பாடமெல்லாம் அந்தப் பின்சீட்டில்தான் எங்களுக்குக் கிடைத்தது. கார் சத்தம் கூடக் கூட அவர் பேச்சு குறைந்தது. "எனக்கு ஒண்டும் வெளங்குதில்ல தம்பி, நீங்க கதைங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார். நாலு பேர் இருக்கும் காருக்குள் ஒருவர் தனித்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இனி விடயத்துக்கு வருவோம்.

இந்த வேலையில் எங்களுக்குக் கிடைத்த ஒரே பெரிய பாடம் இதுதான்: பழைய காரின் சத்தம் தொல்லை மட்டுமல்ல, அது ஒரு செய்தியும்கூட. செய்தியைக் கேட்காமல் மூடப் போனால் காசும் போகும், சில நேரம் உயிருக்கும் ஆபத்து. ஆகவே முதலில் கேளுங்கள், பிறகு திருத்துங்கள், அதற்குப் பிறகுதான் மூடுங்கள். சத்தம் தடுக்கும் தாள் ஒட்டுவது கடைசி வேலை. பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஏன் இந்த ஒழுங்கு? சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளக்கிறோம். அது சாதாரணக் கூட்டல் கழித்தல் போல வேலை செய்வதில்லை. ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு இடங்கள் இருந்து, அதில் ஒன்றை முழுதாக நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதியாகக் குறைந்ததுபோலத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். வகுப்பில் பத்துப் பேர் கத்தும்போது மெல்லக் கதைக்கும் ஒரு பிள்ளையை அமைதியாக்கி என்ன பயன்? ஆகக் கூடிய சத்தம் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

*1. கேட்டுக் கண்டுபிடித்தல் (செலவு இல்லை)*

ஒருவர் ஓட்டட்டும், மற்றவர்கள் காது கொடுக்கட்டும். ரேடியோவும் ஏசியும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். சனநடமாட்டம் குறைந்த நேரான வீதி நல்லது.

காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, அக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள். அப்போதே அந்தச் சத்தம் வந்தால் எஞ்சின், எஞ்சின் மவுண்ட், சைலன்சர் பக்கம் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கிளட்சை மிதியுங்கள். எஞ்சின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் அது சில்லு, டயர், பேரிங் அல்லது காற்று. இதைச் செய்யும்போது சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக் இறுகிவிடும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளக்கூடும்.

காபட் வீதியிலிருந்து கொங்கிறீட் வீதிக்கு ஏறியதும் சத்தத்தின் தன்மை மாறினால் அது டயர். எந்த வீதியிலும் மாறாமல், வேகத்தோடு சேர்ந்து "ஊ..." என்று ஏறி, இடம் வலமாக வளையும்போது கூடிக் குறைந்தால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். முழுதாக ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பும்போது "டக் டக்" என்றால் முன் எக்ஸலின் மூட்டைப் பார்க்க வேண்டும்.

60 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல்தான் தொடங்குகிறது, விசில் போலக் கேட்கிறது என்றால் அது காற்று. பெயின்ட் அடிப்பவர்கள் பாவிக்கும் மாஸ்கிங் ரேப்பை எடுத்து, ஒரு கதவின் இடுக்கை வெளியிலிருந்து ஒட்டிவிட்டு ஓடிப் பாருங்கள். அந்தக் கதவுக்குள் யாரும் இருக்க வேண்டாம். சத்தம் நின்றால் குற்றவாளி அந்தக் கதவுதான். நிற்காவிட்டால் கழற்றி அடுத்த கதவுக்கு ஒட்டுங்கள்.

ஃபோனில் இலவசமாகக் கிடைக்கும் சத்தம் அளக்கும் செயலி ஒன்றும் போதும். அது காட்டும் இலக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே இடம், ஒரே வேகம், ஃபோனும் ஒரே இடத்தில் இருக்க, வேலைக்கு முன்னும் பின்னும் எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் பாருங்கள்.

*2. உயிரோடு சம்பந்தப்பட்டவை முதலில்*

இப்படிக் கேட்டபோது பின்பக்க இடது சில்லிலிருந்து ஓர் உறுமல் வருவது தெரிந்தது. கராஜுக்குக் கொண்டுபோனோம். கராஜ்காரக் காக்கா காரை ஜக்கில் ஏற்றி, சில்லைக் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டு, "பேரிங் முடிஞ்சி. நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க மகன்" என்றார். மாற்றியதும் பின்சீட்டின் சத்தத்தில் பெரிய பங்கு போய்விட்டது. தரையெல்லாம் தாள் ஒட்டி அந்த உறுமலை அமுக்கியிருந்தால் சில்லு ஆடத் தொடங்கும் வரை எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது. பேரிங்குக்கான செலவைச் சத்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை. சத்தம் இல்லாவிட்டாலும் செய்தே ஆக வேண்டிய வேலை அது.

அடுத்தது சைலன்சர். இதை எல்லோரும் கவனமாக வாசியுங்கள். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையில் ஓட்டையோ, விட்டுப்போன இணைப்போ இருந்தால் சத்தம் மட்டுமல்ல, புகையும் காருக்குக் கீழேயே வெளியேறும். அதில் காபன் மொனொக்சைட் இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏசி போட்டு ஜன்னலை மூடிக்கொண்டு போகும் காருக்குள் அது சேர்ந்தால் தலையிடி, தூக்கம், மயக்கம் என்று போய் உயிரையே எடுக்கும். தூர வீதியில் பின்சீட்டில் பிள்ளைகள் தூங்குவது களைப்பால் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பக்கத்தில் குந்தி இருந்து கேளுங்கள். "டப் டப்" என்றோ "புஸ்" என்றோ பின் குழாய் தவிர வேறு இடத்திலிருந்து வந்தால் அங்கேதான் ஒழுக்கு. சுற்றுமதிலுக்குள் அல்லது மூடிய கராஜுக்குள் இதைச் செய்ய வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள். வெல்டிங் ஒன்றும் புது கஸ்கட் ஒன்றும் பெரிய செலவில்லை.

டயரையும் பாருங்கள். உள்ளங்கையால் டயரின் மேற்பரப்பை முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். வாள் பல்போல ஒரு பக்கம் கீறினால் டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்திருக்கிறது, வீல் எலைன்மென்ட் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயர் கல்லாக இறுகிச் சத்தம் போடும், மழையில் வழுக்கவும் செய்யும். காற்றை, ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடியுங்கள். "கூட அடிச்சா பெற்றோல் மிச்சம்" என்று அடித்தால் காரும் குதிக்கும், சத்தமும் கூடும்.

*3. கிலுகிலுப்பு (செலவு இல்லை என்றே சொல்லலாம்)*

ஒரு சனிக்கிழமை காரை முழுதாக வெறுமையாக்கினோம். டேஷ்போர்ட் லாச்சிக்குள் சில்லறைக்காசு, சீட்டுக்குக் கீழ் போத்தல் மூடி, டிக்கிக்குள் ஆடும் ஜக், இறுக்காத ஸ்பெயார் சில்லு எல்லாம் வெளியே வந்தன. ஜக்கையும் ஸ்பெனர்களையும் பழைய துணியில் சுற்றிக் கட்டினோம். ஸ்பெயார் சில்லின் நட்டை இறுக்கினோம்.

பிறகு கை முஷ்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தோம். நம்பர் பிளேட் கிலுகிலுத்தது. அதற்குப் பின்னால் சைக்கிள் டியூப் துண்டு வைத்து இறுக்கினோம். பொனட்டின் மூலைகளில் திருகித் தூக்கக்கூடிய ரப்பர் குமிழ்கள் இருக்கும். அவை இறங்கிப்போனால் பொனட் ஆடும். அரைச் சுற்று, ஒரு சுற்று என்று திருகி உயர்த்தினால் போதும். சைலன்சருக்கு மேல் உள்ள வெப்பத் தகடு துருப்பிடித்து ஆடினால் பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றால் இறுக்கலாம். அங்கே ரப்பரோ துணியோ வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

கதவின் உட்பக்கப் பலகையைக் கையால் அமுக்கிப் பிடித்தால் சத்தம் நிற்கிறதா? அப்படியானால் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கிறது. ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் அளவு பார்த்துத் தனித்தனியாக வாங்கலாம்.

*4. இடுக்கும் ஓட்டையும்*

தண்ணீர் போகும் இடமெல்லாம் சத்தமும் போகும். சிறிய இடுக்குத்தானே என்று விட முடியாது. ஒரு கதவு நூல் அளவு திறந்திருந்தாலே அடுத்த அறைப் பேச்சு கேட்கிறதல்லவா?

20 ரூபாத் தாள் ஒன்றைக் கதவில் வைத்து மூடுங்கள். இழுக்கும்போது கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் பீடிங் வேலை செய்யவில்லை. கதவைச் சுற்றி எட்டுப் பத்து இடங்களில் இப்படிப் பாருங்கள்.

பீடிங் கிழியாமல் வெறுமனே காய்ந்திருந்தால், சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கன் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள். கிரீஸ், எஞ்சின் ஒயில் பூச வேண்டாம். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். நசுங்கிப்போயிருந்தால் ஹாட்வெயார் கடைகளில் பின்னால் பசை உள்ள, வெட்டுமுகம் ஆங்கில டி எழுத்துப் போன்ற ரப்பர் பட்டி கிடைக்கும். மீற்றர் கணக்கில் வாங்கி, பழைய பீடிங்குக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையாக ஒட்டலாம். ஆக மெல்லியதை எடுங்கள். தடித்ததை ஒட்டினால் கதவு பூட்டாது.

கதவு கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறதா? உடலில் உள்ள கொக்கியின் இரண்டு ஆணிகளையும் தளர்த்தி ஒரு மில்லிமீற்றர் உள்ளே தள்ளி இறுக்குங்கள். தளர்த்துவதற்கு முன் பென்சிலால் பழைய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் காற்றுச் சத்தம் அதிகம் குறைந்தது இந்தக் காசில்லாத வேலையில்தான்.

இருட்டிய பிறகு இன்னொரு பரிசோதனை. எஞ்சின் பக்கம் டோர்ச் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, காருக்குள் ஏறிக் கால் வைக்கும் இடத்தில் குனிந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் ஓட்டையால்தான் எஞ்சின் சத்தமும் வருகிறது. ரேடியோவுக்கும் ஏசிக்கும் வயர் இழுத்தவர்கள் கழற்றி வீசிய ரப்பர் வளையங்களின் இடம் அது. புது வளையம் போட்டு அடையுங்கள்.

எதை அடைக்கக் கூடாது என்பதும் முக்கியம். கதவின் அடியில் உள்ள சின்னத் துவாரங்கள் மழைத்தண்ணீர் வடிய. அடைத்தால் ஒரே மாரிக்குள் கதவு துருப்பிடிக்கும். டிக்கியின் பக்கவாட்டில் உள்ள காற்று வழிகளையும் விட்டுவிடுங்கள்.

*5. எஞ்சின் மவுண்ட்*

சந்தியில் நிற்கும்போது ஸ்டியரிங், சீட், கண்ணாடி எல்லாம் நடுங்கி, கொஞ்சம் அக்சிலரேட்டர் கொடுத்தால் நடுக்கம் நின்றுவிடுகிறதா? எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் ஒன்று போயிருக்கலாம். மூன்று நான்கு இருக்கும், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றத் தேவையில்லை. கராஜில் காட்டிக் கெட்டதை மட்டும் மாற்றுங்கள். சைலன்சர் தொங்கும் ரப்பர்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அவை அறுந்தாலும் எஞ்சினின் அதிர்வு முழுக்க உடம்புத் தகரத்துக்கு ஏறும்.

*6. கடைசியாகத் தாள்*

இவ்வளவும் செய்த பிறகும் மிஞ்சுவது தகரத்தின் அதிர்வு. கதவின் வெளித் தகரத்தை விரலால் சுண்டுங்கள். "டங்" என்று வெறும் டின்னைப்போலக் கேட்டால் அது அதிர்கிறது. "டொப்" என்று கேட்க வேண்டும்.

இதற்கு விசேட கடைக்குப் போகத் தேவையில்லை. கூரை ஒழுக்குக்கு ஒட்டும், அலுமினியம் பூசிய பியூட்டைல் ரேப் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். தார் மணம் வந்தால் வாங்காதீர்கள். தார் கலந்த வகை எங்கள் பக்கத்து வெயிலுக்கு உருகி வழியும், காருக்குள் மணமும் போகாது. தகரத்தை முழுதாக மூடவும் வேண்டாம். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் கால்வாசிப் பரப்புக்கு ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும். முதலில் தின்னரால் துடைத்து, ஒட்டிய பின் போத்தலை உருட்டி நன்றாக அழுத்துங்கள். கதவை விடவும் பின்சில்லுக்கு மேலேயும் டிக்கித் தரையிலும் ஒட்டியதுதான் எங்களுக்கு அதிக பலன் தந்தது.

தரைக் கார்ப்பட்டைக் கழற்றினால் முதலில் ஈரம் இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்துக்கு மேல் எதைப் போட்டாலும் தகரம் அழுகும். காய்ந்திருந்தால் தடித்த பெல்ட் துணியோ, தண்ணீர் உறிஞ்சாத யோகா விரிப்போ கார்ப்பட்டுக்குக் கீழ் விரிக்கலாம். மிதிகளுக்குக் கீழ் உயர்ந்து நிற்கவிடாதீர்கள். பிரேக் மிதி முழுதாக இறங்க வேண்டும்.

முட்டை அட்டை, ரெஜிஃபோம் எல்லாம் சத்தத்தைத் தடுக்கும் என்று சொல்வார்கள். தடுக்காது. பாரமில்லாத பொருளுக்குச் சத்தத்தை மறிக்கும் சக்தி இல்லை. எஞ்சின் பக்கம் சாதாரண பஞ்சோ ஃபோமோ வைப்பது தீயோடு விளையாடுவது. ரேடியோ சத்தத்தைக் கூட்டுவதும் தீர்வல்ல, காதுக்கு இரண்டு சுமையாகிவிடும்.

*செலவும் பலனும்*

பேரிங் தவிர, மவுண்ட் ஒன்று, சைலன்சர் வெல்டிங், தொங்கல் ரப்பர், பீடிங், ரேப், கிளிப் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்தது. நாலாகப் பிரித்தால் ஆளுக்கு மூவாயிரம். ஒரே நாளில் அல்ல, ஐந்து சனிக்கிழமைகளில் செய்தோம். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஓடிப் பார்த்ததால் எது பலன் தந்தது, எது தரவில்லை என்று தெரிந்தது. அதே வீதியில், 60 கிலோமீற்றர் வேகத்தில், ஃபோன் முன்பு 78 காட்டியது. இப்போது 70, 71. புதுக் கார் ஆகிவிடவில்லை. மழை பெய்தால் கூரை இன்னும் பறை அடிக்கிறது. ஆனால் சாதாரணக் குரலில் கதைக்கலாம்.

மூத்த டீச்சர் இரண்டாம் கிழமை ஒரு நாள், முன்சீட்டில் நடந்த கதைக்கு இடையில் புகுந்து, "அந்தப் புள்ளைக்கு அப்பிடிச் சொல்லிக் குடுக்கப்படா" என்று தொடங்கினார். பாடசாலை வந்தும் அவர் நிறுத்தவில்லை. காரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய ஓய்வுக்கு முன் இன்னும் எத்தனை பயணம் மிச்சம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு ஓடியது. பன்னிரண்டாயிரம் பெரிய காசாகத் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் பின்சீட்டில் இருக்கலாம். கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் உம்மா, காது மங்கிய மூத்தாப்பா, சத்தத்துக்குத் திடுக்கிட்டு அழும் கைக்குழந்தை. "வயசு போனா அப்பிடித்தான்" என்று காரையும் சொல்லாதீர்கள், ஆளையும் சொல்லாதீர்கள்.

வருகிற சனிக்கிழமை தொடங்குபவர்களுக்குச் சுருக்கமாக: முதல் நாள் காரை வெறுமையாக்கி, காது கொடுத்து ஓடிப் பாருங்கள். உறுமலோ, புகை ஒழுக்கோ, பிரேக் கீச்சிடலோ இருந்தால் வேறு எதையும் தொடாமல் நேராகக் கராஜுக்குப் போங்கள். அது சரியான பிறகு கொக்கி, பீடிங், ஓட்டை. அதன் பிறகு மவுண்ட். ரேப்பும் விரிப்பும் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

மாஸ்கிங் ரேப் எங்களிடம் அரை உருளை மிச்சம் இருக்கிறது. ஊருக்குள் யாருக்காவது தேவையென்றால் பின்னேரம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காது கொடுக்க ஆள் தேவையென்றால் நாங்களும் ஒரு சுற்று வருகிறோம்.